நான்கு பேர் இருந்த அறை

"விழுந்தப்போ மணி என்ன?" என்று ஹெல்மி கேட்டாள். கையிலிருந்த கத்தி ஏலக்காய் ரொட்டியில் பாதி இறங்கி நின்றது.

பெர்னிஸ் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "பன்னெண்டே முக்கால் இருக்கும்மா. கொஞ்சம் மேலயும் இருக்கலாம்."

"மூச்சு இருந்துச்சா?"

"தெரியலையே."

"கண்ணு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

பெர்னிஸ் நிமிர்ந்து பார்த்தாள். பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்துப் பழகிய கண்கள். "ஏம்மா, இன்னைக்குமா ட்யூட்டியில இருக்கே?"

ஹெல்மிக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்பது மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கும் சட்பரி நகரத்தில் 911 அவசர அழைப்புகளை எடுத்துப் பேசுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக இதே கேள்விகள்: எங்கே, எப்போது, மூச்சு இருக்கிறதா. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி பூனையைக் காணோம் என்று வந்து நின்றபோது, மூச்சு சீராக இருந்ததா என்று கேட்டுத் தொலைத்தவள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அப்பா பல வருடம் சிரித்தார்.

அப்பா இப்போது மேலே, தேவாலயக் கூடத்தில், மூடிய பெட்டிக்குள் இருந்தார். ரெய்னோ சல்மேலா, வயது அறுபத்து மூன்று, பல்கலைக்கழகக் கொதிகலன் அறையில் முப்பத்து நான்கு வருட வேலை. புதன்கிழமை மதியம் போய்விட்டார். இன்று சனிக்கிழமை, இரண்டு மணிக்கு வழிபாடு, பிறகு அடக்கம், பிறகு இந்த நிலவறையில் எல்லோருக்கும் காபி. ஹெல்மிக்கு வரவேண்டிய அழுகை, காரை ஓட்டிக்கொண்டு வந்த இரவிலேயே, ஏரிக்கரைச் சாலையில் வந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்துகொண்டிருப்பதெல்லாம் கேள்விதான்.

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதிய ஒரு தாள். தொழில் உறவில் கேட்டு வாங்கியிருந்தாள். அழைப்பு வந்த நேரம் பன்னிரண்டு நாற்பத்தேழு. வண்டி போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு ஐம்பத்து நான்கு. நாடி இல்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம்: விழுந்ததைப் பார்த்தவர். அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அப்பா புதன்தோறும் இசை வாசிக்கப் போகிற அறையில் அன்று அவரோடு மூன்று பேர் இருந்தார்கள். நான்கு பேர் இருந்த அறையில் ஒரு மனிதர் விழுகிறார், ஒருவரும் பார்க்கவில்லை. இது எப்படி முடியும் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

"பார்த்தவர் இல்லைன்னு எழுதியிருக்காங்க பெர்னிஸ். நீங்கல்லாம் அங்கதானே இருந்தீங்க?"

"நாங்க முதுகைக் காட்டிக்கிட்டுதாம்மா உக்காருவோம். வட்டமா நாற்காலி போட்டு, முகம் சுவத்தைப் பார்த்து. உங்கப்பா சொல்லலியா?"

"எங்கப்பா எதைச் சொன்னாரு?"

அது நிஜம். பதினோரு வருடமாக ஒவ்வொரு புதன் மாலையும் அவள் போனில் கேட்பாள். "இன்னைக்கு என்ன வாசிச்சீங்கப்பா?" பதில் இரண்டில் ஒன்று. "இன்னைக்குப் பரவாயில்ல." அல்லது, "இன்னைக்கு மகா மட்டம்." அதற்கு மேல் ஒரு சொல் வராது. 'மதியச் சத்தம்' என்பது அவர்கள் இசைக்குழுவின் பெயர். புதன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி. பேராசிரியர், நூலகக்காரி, மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம். பாட்டு கிடையாது, தாளில் எழுதிய ஸ்வரம் கிடையாது, தலைவர் கிடையாது. அந்தந்த நேரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான். குழு கூடும் நூற்றுப் பதினான்காம் எண் அறையில் சுவரோரமாக ஓடும் நீராவிக் குழாய் டொக்கு டொக்கென்று அடிக்கிறது என்று யாரோ புகார் கொடுக்க, அப்பா ஸ்பானரோடு போயிருக்கிறார். குழுவினர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தயவு செய்து சரி பண்ணிவிடாதீர்கள், அது எங்களோடு வாசிக்கிறது என்றார்களாம். முப்பத்து நான்கு வருடத்தில் ரிப்பேர் பண்ணாதே என்று கெஞ்சியவர்கள் இவர்கள் மட்டும்தான் என்று அப்பா சொன்னார். அடுத்த புதன் அவரும் போய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாத்தியம், அடுப்பில் ரொட்டி சுடும் ஒரு தகர ட்ரே, கொஞ்சம் போல்ட்டு, அதே ஸ்பானர்.

"எதுக்கு முதுகைக் காட்டணும்?"

"பார்த்தா கண்ணு போற பக்கம் கை போயிடும்மா. காதால கேக்கணும்னா பார்க்கக் கூடாது."

"சரி, பார்க்க வேணாம். அப்பா தொண்ணூறு கிலோ. விழுந்தா கேக்குமே?"

"ட்ரே விழுந்தது கேட்டுச்சு..." என்ற பெர்னிஸ் சட்டென்று நிறுத்தினாள்.

"ட்ரே எப்ப விழுந்துச்சு?"

"நடுவுல."

"எதுக்கு நடுவுல?"

பெர்னிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். வெண்ணெய் அவள் விரலிலும் இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "டெஸ்மண்டைக் கேளும்மா. நான் சொன்னா சரியா வராது."

டெஸ்மண்ட் மேலே கூடத்தில் பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொரு இருக்கையாக வைத்துக்கொண்டிருந்தார். வேதியியல் பேராசிரியர், சாக்ஸபோன்காரர். தென்னை மர உயரம், நடக்கும்போது எதிலாவது இடித்துக்கொள்வோமோ என்று எப்போதும் கொஞ்சம் குனிந்தே இருப்பவர். கையில் சாக்ஸபோனைக் காணோம்.

"நீங்க அஞ்சு நிமிஷம் வாசிக்கப் போறதா பாஸ்டர் சொன்னாரே? ஆறாவது நிமிஷம் மணி அடிச்சிடுவேன்னும் சொன்னாரு."

"வாசிக்கலை ஹெல்மி."

"ஏன்?"

வாகன நிறுத்தத் திறப்பு விழாவில் வாசித்தவர்கள் இவர்கள். மாணவர் விடுதியில் தண்ணீர்த் தொட்டி உடைந்த அன்று, ஒழுகுகிற சத்தத்தோடு சேர்ந்து வாசித்தவர்கள். அப்பாவின் சாவுக்கு வாசிக்க மாட்டார்களாம்.

"எங்களுக்கு யோக்கியதை இல்லை," என்றார் டெஸ்மண்ட். "அப்புறம், பெட்டி தூக்குறதுக்கும் இன்னொரு ஆள் பார்க்கணும். ரோவன் உள்ள வரமாட்டேங்குறா. காலையிலேர்ந்து கார்லயே உக்காந்திருக்கா." ரோவன் இரண்டாம் வருட மாணவி. கால்களுக்கிடையில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய செல்லோ அவளுடையது. புதன்கிழமை அப்பாவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"ட்ரே விழுந்துச்சாமே," என்றாள் ஹெல்மி.

அவர் கையில் மிச்சமிருந்த புத்தகங்களை இருக்கையில் அடுக்கினார். அடுக்கு சரியாக இருந்தும் இன்னொரு முறை சரி செய்தார்.

"எங்களுக்குன்னு ஒரே ஒரு விதிதான். அறைக்குள்ள எந்தச் சத்தம் வந்தாலும் அது எங்களோடது. யாராவது இருமினா இருமலுக்குப் பதில் வாசிப்போம். போன் அடிச்சா போனுக்கு. ஒரு தடவை ஒருத்தன் நாற்காலி உடைஞ்சு கீழ விழுந்தான், அதுக்கும் வாசிச்சோம், அவனே கீழ கிடந்துகிட்டு வாசிச்சான். தப்புன்னு ஒண்ணு கிடையாது எங்களுக்கு. அப்படித்தான் பழகியிருக்கோம்." புத்தக அடுக்கிலிருந்து கையை எடுத்தார். "ட்ரே விழுந்துச்சு. நாங்க பதில் வாசிச்சோம்."

ஹெல்மிக்குக் கோபம் குபீரென்று ஏறியது. அந்த நீண்ட முகத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூட இருந்தது. பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது, அதனால் குரலை உயர்த்தவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. நேரம் பார்க்கத் தோணலை. ரொம்ப நல்லா போச்சு. அவ்வளவு நல்லா நாங்க ஒருநாளும்..." பேராசிரியர் வாயை மூடிக்கொண்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"பதிவு பண்ணுவீங்கன்னு அப்பா ஒருதடவை சொன்னாரு."

"பண்ணுவோம். கேக்க மாட்டோம்."

"கேக்காததுக்கு எதுக்குப் பதிவு?"

"பதிவாகுதுன்னு தெரிஞ்சா ஒழுங்கா வாசிப்போம். திருப்பிக் கேட்டா அடுத்த வாரமும் அதையே வாசிக்கத் தோணும்." சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கோட்டுப் பையில் கைவிட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியும் ஹெட்போனும் எடுத்தார். "புதன்கிழமையிலேர்ந்து இது என் பையிலயே இருக்கு. அழிக்கவும் மனசு வரலை, கேக்கவும் தைரியம் இல்லை. நீங்க வாங்கிக்கங்க."

கோட்டுகள் மாட்டும் சிறிய அறையில், பூட்ஸ் கழற்றும் பலகையில் ஹெல்மி உட்கார்ந்தாள். சுற்றிலும் மழையில் நனைந்த கம்பளி வாடை. வழிபாட்டு நிகழ்ச்சித் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சில் எடுத்தாள். வேலையில் செய்வதுதான். கண்ணை மூடு, சத்தத்தை மட்டும் கேள், நேரத்தை எழுது.

பாத்திரம் உருட்டுகிற சத்தம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வரவில்லை. முதலில் யாரோ ஊதினார்கள், ஸ்வரம் இல்லாமல் வெறும் காற்று. பெர்னிஸின் அக்கார்டியன், மார்பில் மாட்டித் துருத்தி போல் இழுத்து வாசிப்பது, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செல்லோவில் வில் அல்ல, விரல் நகம் உரசியது. இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு போல்ட்டு தகரத்தில் மெல்ல உருண்டது. அப்பா. யாரும் சொல்லத் தேவையில்லை, அப்பாதான். உருட்டிவிட்டுக் காத்திருந்தார். மற்றவர்கள் அதற்கு என்னவோ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததை உருட்டினார். சாப்பாட்டு மேசையில் உப்பு வந்து சேர ஒரு நொடி பொறுக்காத மனிதர். ஹெல்மிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து என்ன செய்வார் என்று பார்க்கிற ஆவலில், எதற்காகக் கேட்க உட்கார்ந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனாள்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ட்ரே விழுந்தது.

நேரத்தை எழுதினாள். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்தது. ட்ரே விழுந்து அரை மூச்சுக்குள் செல்லோ மடாரென்று அதே மாதிரி அடித்தது. சாக்ஸபோன் கத்தியது. அக்கார்டியனைப் பெர்னிஸ் கையால் அறைந்தாள், அறைந்துவிட்டுக் களுக்கென்று சிரிக்கவும் செய்தாள். அந்தச் சத்தங்களுக்கு அடியில் துணி தரையில் இழுபடுகிற ஓசை. பிறகு இரும்பில் இரும்பு பட்டது.

மூன்று தட்டு. ஒரே இடைவெளி விட்டு, தெளிவாக.

ஹெல்மி ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். இது ஸ்பானரால் நீராவிக் குழாயைத் தட்டுகிற சத்தம். வீட்டு நிலவறையில் வெப்பக் குழாயோடு மல்லுக்கட்டும்போது அப்பா இப்படித்தான் தட்டுவார். மூன்று தட்டினால், 'வா.' டார்ச் வேண்டும், துணி வேண்டும், அல்லது காபி வேண்டும். அம்மா உயிரோடு இருந்தபோது அம்மா போவாள், இல்லாவிட்டால் ஹெல்மி இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடுவாள்.

அப்பா கூப்பிட்டிருக்கிறார்.

உடனே பதில் வந்தது. செல்லோவின் மர உடம்பில் விரல் முட்டியால், அதே இடைவெளியில், மூன்று.

அதற்குப் பிறகு அப்பா ஒன்றும் செய்யவில்லை. பதினோரு நொடி எண்ணினாள். மறுபடி கூப்பிடுவார் என்று பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிடவில்லை. வேறொன்று தட்டினார். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. ஸ்பானர் நுனி குழாய் மேல் நிதானமாகப் போய் வந்தது. சாக்ஸபோன் அதன் கீழே மெல்ல நுழைந்தது, அக்கார்டியன் சேர்ந்தது. இசையைப் பற்றி ஹெல்மிக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர் விடுகிற இடத்தில் விடுகிறார்கள், எடுக்கிற இடத்தில் எடுக்கிறார்கள் என்பது தெரிந்தது. அப்பாவின் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

911-ஐ அழைத்துவிட்டுப் பேச முடியாதவர்கள் சிலசமயம் போனை நகத்தால் தட்டுவார்கள். அப்போது அவள் விடாமல் பேசிக்கொண்டே இருப்பாள். "நான் இங்கதான் இருக்கேன். கேக்குது. ஆள் வந்துகிட்டே இருக்காங்க." இப்போதும் யாரோ அப்படிப் பேசினார்கள். யாரென்று பார்த்தால் அவள்தான், கோட்டுகளுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தட்டுகள் விலகிப்போயின. மற்றவர்களும் விலகினார்கள். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு தட்டு வந்தது, இழுப்பு வரவில்லை. அதன்மேல் யாரும் எதையும் வாசிக்கவில்லை. முடிந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது அவர்கள் வழக்கமாம். இந்தத் தடவை ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தார்கள். பிறகு பெர்னிஸின் குரல், சந்தோஷமாக. "ரெய்னோ, இன்னைக்கு எங்கய்யா இருந்தே நீ!" கொஞ்சம் இடைவெளி. "ரெய்னோ?" பிறகு ஒரு நாற்காலி சாய்ந்தது. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் யாரோ ஆம்புலன்ஸுக்கு அழைத்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தாளைப் பார்த்தாள். விழுந்ததிலிருந்து அழைத்தது வரை ஒன்பது நிமிடம். அப்பா தட்டியது ஆறு நிமிடம். ஆம்புலன்ஸ் வர ஏழு நிமிடம். ட்ரே விழுந்த நொடியிலேயே அழைத்திருந்தால், அப்பாவின் கை நின்றபோது வண்டி வாசலுக்கு வந்திருக்கும், அல்லது ஒரு தெரு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றிருக்கும். பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. கூட்டிக் கழித்துப் பார்த்தும் ஒரு விடையும் வரவில்லை. தெரிந்துகொள்ள முடிந்த ஒரே ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

லெனார்ட் வாசலில் நின்று பூட்ஸ் சேற்றைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு இருபத்தாறு வருடம் கொதிகலன் அறையில் இருந்தவர். டை அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"லெனார்ட், உங்க அறையில மூணு தட்டினா என்ன?"

"'வா'தான். உனக்குத் தெரியாததா பாப்பா?" நாற்பத்து நான்கு வயதிலும் அவருக்கு இவள் பாப்பாதான்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து மூணு திரும்பி வந்தா?"

"'கேட்டுச்சு, வர்றேன்.' அங்க இருக்கிற இரைச்சல்ல கத்தினா எவனுக்குக் கேக்கும்? அதனால தட்டுதான். பதில் வந்துட்டா அப்புறம் பேசாம இருக்கணும். மறுபடி தட்டினா பொறுமை கெட்டவன்னு பேரு. புதுசா வந்த ஒருத்தன் ரெண்டு தடவை தட்டிட்டு உங்கப்பன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான் பாரு, ஒரு வாரம் பேசலை அந்தப் பய."

"பதில் தட்டிட்டு வராம இருந்தவங்க உண்டா?"

லெனார்ட் காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். "கொதிகலன் பக்கத்துலயா? அப்படி ஒருத்தன் இருந்திருந்தா நாங்க யாரும் இன்னைக்கு உயிரோட இருக்க மாட்டோம். ஏன் கேக்குறே?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

ரோவனின் சின்ன நீல நிறக் கார் மேப்பிள் மரத்தடியில் நின்றது. ஈர இலைகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. ஹெல்மி கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோது அந்தப் பெண் திடுக்கிடவில்லை. கறுப்பு உடையில், முடியை இழுத்துக் கட்டி, தயாராகத்தான் இருந்தாள். காருக்குள் குளிர் வெளியைவிட அதிகமாக இருந்தது.

"ஹீட்டர் போட்டுக்கக் கூடாதா?"

"தோணலை." ரோவன் அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவரு எங்களைக் கூப்பிட்டாரா?" கேள்வியை மூன்று நாளாக வாயிலேயே வைத்திருந்தவள் போல் கேட்டாள். "எனக்குப் பின்னாடிதான் இருந்தாரு. கையை நீட்டினா தொட்டுடலாம். நான் திரும்பவே இல்லை. ராத்திரி கண்ணை மூடினா அந்தத் தட்டுதான் வருது. சொல்லுங்க ஹெல்மி, கூப்பிட்டாரா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். டெஸ்மண்ட் நன்றி சொல்வார், பெர்னிஸ் கட்டிப்பிடித்துக்கொள்வாள், இந்தப் பெண் இன்றிரவு தூங்குவாள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. தெரியாததைச் சொல்லாதே. தெரிந்ததை மாற்றிச் சொல்லாதே. துண்டு துண்டாகச் சொல், ஆனால் சொல்.

"முதல் மூணு தட்டு கூப்பிட்டதுதான்," என்றாள் ஹெல்மி.

ரோவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வேலையில மூணு தட்டினா 'வா'ன்னு அர்த்தம். நீ மூணு திருப்பித் தட்டினே. அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. இப்பதான் விசாரிச்சுட்டு வர்றேன். 'கேட்டுச்சு, வர்றேன்'னு அர்த்தம்."

ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று காரை லேசாக ஆட்டியது.

"ஆனா நான் வரலையே," என்றாள் ரோவன்.

"வரலை."

ஹெல்மிக்குக் கோபம் போய்விடவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அப்பாவிடம் இந்த உலகம் கடைசியாகச் சொன்னது இந்தப் பெண்ணின் மூன்று தட்டுதான். வர்றேன் என்று ஒருத்தி சொன்னாள், அவர் நம்பினார், நம்பி ஆறு நிமிடம் வாசித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கிடைத்த நல்லதா, நடந்த கொடுமையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லவும் முடியாது. தெரிந்தது ஒன்று இருந்தது.

"பயந்தவங்க தட்டுறது வேற மாதிரி இருக்கும்," என்றாள். "பத்தொன்பது வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியும். அப்பா பயப்படலை. நீ பதில் சொன்னதுக்கு அப்புறம் பயப்படலை."

ரோவன் அழுதாள். சின்னப் பிள்ளைகள் அழுவது போல், மூக்கைத் துடைக்காமல், மறைக்காமல். ஹெல்மி கோட்டுப் பையில் துழாவி வெண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதத் துவாலையை எடுத்துக் கொடுத்தாள். தேவாலயத்தில் முதல் மணி அடித்தது. பாஸ்டர் வாசலுக்கு வந்து இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இப்ப வா," என்றாள் ஹெல்மி. "தூக்க ஒரு ஆள் குறையுது."

வழிபாடு நாற்பது நிமிடம் நடந்தது. பாஸ்டர் அப்பாவை அமைதியான மனிதர் என்றார், பின்வரிசையில் கொதிகலன் அறைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடல் முடிந்ததும் ஆறு பேரும் போய் நின்றார்கள். தலைமாட்டில் டெஸ்மண்டும் லெனார்டும். நடுவில் பெர்னிஸும், கொதிகலன் அறையிலிருந்து வந்த இன்னொருவரும். கால்மாட்டில் ஹெல்மியும் ரோவனும். பித்தளைப் பிடிகள் சில்லென்று இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண லெனார்ட் வாயெடுத்தார், அதற்குள் பெட்டி எழும்பிவிட்டது.

மற்ற ஐந்து பேரையும்விட ரோவன் ஒரு தலை குள்ளம். வாசல் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் பக்கத்து மூலை தாழ்ந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து எம்பிப் பார்த்தாள், மூலை மேலே வரவில்லை. நிறுத்துங்கள் என்றோ, ஆளை மாற்றுங்கள் என்றோ யாரும் சொல்லவில்லை. முதலில் பெர்னிஸ் முழங்காலை மடக்கினாள். பிறகு ஹெல்மி. பிறகு லெனார்டும் அந்த இன்னொருவரும். கடைசியாக டெஸ்மண்ட், அந்த உயரத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொண்டு கீழே வந்தார். பெட்டி சமமானது.

அப்படியே, முழங்கால் மடங்கின நடையில், ஏழு படியும் இறங்கினார்கள்.